இருபது யூரோவுக்குள் மண்ணின் சுவை: இத்தாலியக் குடும்பப் பண்ணையின் சிவப்பு ஒயினைத் தேர்ந்தெடுப்பது எப்படி

இத்தாலியச் சிவப்பு ஒயின் வாங்க முதன்முறை கடைக்குச் செல்பவர், அலமாரியின் முன் சற்று நேரம் தயங்கி நின்றுவிட்டு, பெரும்பாலும் மூன்று அடையாளங்களில் ஒன்றைப் பார்த்துத்தான் கையை நீட்டுகிறார். அது வைக்கோல் பின்னிய குண்டுப் பாட்டிலாக இருக்கலாம். தங்கநிறப் பதக்கச் சீட்டு ஒட்டிய பாட்டிலாக இருக்கலாம். அல்லது தூக்கினாலே கை கனக்கும் தடித்த கண்ணாடியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ஒயின் எந்த நிலத்தில் விளைந்தது, யார் விளைவித்தார் என்பதை இந்த மூன்றும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் எழுத்துகள் பாட்டிலின் பின்புறம், பொடி எழுத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பழகிவிட்டால், குறைந்த விலையில் நல்ல ஒயின் வாங்குவது பெரிய கலையல்ல.

நிலத்தின் சுவையை அறிய நிறையப் பணம் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. என் அனுபவம் அதற்கு மாறானது. தன் திராட்சையைத் தானே பயிரிட்டு, தானே நொதிக்கவைத்து, தானே பாட்டிலில் அடைக்கும் ஒரு குடும்பம், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாள்தோறும் வைக்கிற சாதாரணச் சிவப்பு ஒயின், அதே குடும்பம் மரப்பெட்டியில் வைத்து விற்கும் உயர்விலை ஒயினைவிடப் பல நேரங்களில் அந்த மண்ணை ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. புதுப் பீப்பாயின் மணமும், கூடுதலாகப் பழுக்கவிட்ட பழத்தின் இனிமையும் அதில் குறுக்கே நிற்பதில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தச் சாதாரண ஒயினைத் தேடிப் பிடிப்பதைப் பற்றியது.

நிலத்தின் தன்மை ஒயினில் வெளிப்படுவதைக் குறிக்க ‘டெர்வார்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கருத்து நமக்குப் புதிதல்ல. நிலமும் பொழுதுமே முதற்பொருள், மற்றவை அவற்றிலிருந்து பிறப்பவை என்று திணைமரபு வகுத்திருப்பதை நினைத்துக்கொண்டால், டெர்வார் என்பது உடனே விளங்கிவிடும். மண்ணின் வகை, சரிவின் திசை, கடல்மட்டத்திலிருந்து உயரம், இரவில் இறங்கும் குளிர், அந்த ஆண்டின் மழை ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரே திராட்சை வகையை இடத்துக்கு இடம் வேறாக்குகின்றன. மலிவு என்று நான் சொல்வது, ஐரோப்பியக் கடைகளில் பத்து முதல் இருபது யூரோவுக்குள் கிடைப்பதை. இந்தியாவில் இறக்குமதி வரியும் மாநில வரிகளும் சேர்வதால் அதே பாட்டிலின் விலை பல மடங்காகிவிடுகிறது. எனவே அங்கே வாசிப்பவர்கள் விலையை விடுத்து, தேர்வு செய்யும் முறையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்

இத்தாலி முழுவதையும் ஒரே மூச்சில் கற்க முயல்பவர் களைத்துப்போவார். ஒரு பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு அதை நன்றாக அறிந்தபின் மற்ற இடங்களுக்குச் செல்வதே எளிய வழி. நான் பரிந்துரைக்கும் இடம், மத்திய இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில் ஃபுளோரன்ஸ் நகருக்கு வடகிழக்கே உள்ள ரூஃபினா. சியேவே என்னும் ஆறு மலையிலிருந்து இறங்கி, போந்தாசியேவே என்ற ஊரருகே ஆர்னோ ஆற்றில் கலக்கிறது. அந்தச் சியேவேயின் இரு கரைகளிலும் ஏறும் சரிவுகளில்தான் இந்தத் தோட்டங்கள் இருக்கின்றன. ‘கியாந்தி’ என்று பொதுவாக அழைக்கப்படும் பெரும் ஒயின் பரப்புக்குள் ஏழு உட்பகுதிகள் உண்டு; அங்கு விளையும் ஒயினுக்கும் அதே பெயர்தான். அவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்று ரூஃபினா.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரூஃபினா என்பது ஊர்ப்பெயர், முதல் எழுத்தில் அழுத்தம் விழும். ருஃப்பீனோ என்பது 1877 இல் போந்தாசியேவேயில் தொடங்கப்பட்ட ஒரு பெரிய ஒயின் நிறுவனத்தின் பெயர். கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வருவது எளிதில் நடக்கக்கூடியது. அதுபோலவே ‘கியாந்தி’ வேறு, ‘கியாந்தி கிளாசிக்கோ’ வேறு. பின்னது ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடையிலுள்ள பழைய மலைப்பகுதி, கருஞ்சேவல் முத்திரை தாங்கியது, தனக்கெனத் தனிச் சட்டவிதிகள் கொண்டது. ரூஃபினா அதற்குள் அடங்காது.

கியாந்தி என்ற பெயரின் வரலாற்றையும் சற்று அறிந்திருப்பது விலையைப் புரிந்துகொள்ள உதவும். 1716 இல் டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி, நல்ல ஒயின் விளையும் நான்கு பகுதிகளுக்கு எல்லை வகுத்து ஆணை பிறப்பித்தார். அந்த நான்கில் ஒன்றான பொமீனோ, இன்றைய ரூஃபினாவின் மேட்டுநிலத்தில் இருக்கிறது. ஆனால் 1932 இல் கியாந்தி என்ற பெயர் மத்திய டஸ்கனியின் பெரும் பரப்புக்கு விரிக்கப்பட்டபோது, சிறந்த சரிவுகளும் சாதாரணச் சமவெளிகளும் ஒரே பெயரின் கீழ் வந்தன. மலிவான, நீர்த்த கியாந்தி சந்தையை நிறைத்ததால் அந்தப் பெயரின் மதிப்பே சரிந்தது. ரூஃபினாவின் நல்ல பண்ணைகளும் அந்தச் சரிவின் விளைவை இன்றுவரை சுமக்கின்றன. நமக்கு அவை குறைந்த விலையில் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிலத்தைப் பார்ப்போம். ரூஃபினாவின் வடக்கிலும் கிழக்கிலும் அப்பென்னைன் மலைத்தொடர் நெருங்கி நிற்கிறது. பகலில் வெயில் காய்ந்தாலும், மாலையானதும் மலையின் குளிர்காற்று பள்ளத்தாக்கின் வழியே இறங்கிவிடுகிறது. இந்தப் பகல் இரவு வேறுபாட்டால் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது. இனிப்பு ஏறும்போதும் புளிப்பு கரைந்துபோவதில்லை. மண்ணில் களியும் சுண்ணாம்பும் கலந்திருக்கின்றன. அங்குள்ளவர்கள் இரண்டு கற்களைப் பற்றி அடிக்கடிப் பேசுவார்கள்: கலெஸ்த்ரோ, அல்பெரேசே. அந்தப் பள்ளத்தாக்கின் ஒரு குடும்பப் பண்ணைக்கு நான் சென்றிருந்தபோது, பண்ணைக்காரர் கொடிகளுக்கிடையே குனிந்து இரண்டு கல்லை எடுத்துக் கையில் வைத்தார். சாம்பல்நிறமான முதல் கல்லை விரலால் அழுத்தியதும் அது அப்பளம்போல ஏடு ஏடாக உதிர்ந்தது; அது கலெஸ்த்ரோ. வெளிறிய இரண்டாவது கல் எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை, அது அல்பெரேசே. உதிரும் கல்லினூடே வேர் ஆழமாக இறங்கும், மழைநீர் தேங்காமல் வடியும், அதே சமயம் கோடையில் கொடி முற்றிலும் வாடிவிடாதபடி அடியில் ஈரம் நிற்கும் என்று அவர் விளக்கினார். பிறகு வீட்டுக்குள் அழைத்துச்சென்று, உப்பில்லாத டஸ்கனி ரொட்டியின்மேல் தங்கள் ஆலிவ் எண்ணெயை ஊற்றி, சிமெண்ட் தொட்டியின் குழாயைத் திறந்து ஒரு குவளை நிரப்பித் தந்தார். அந்தக் குவளையில் இருந்தது அவர்களுடைய விலை குறைந்த ஒயின். வயலில் நின்றபோது மூக்கில் ஏறிய காய்ந்த புல்லின் மணமும் மலைக்காற்றின் துல்லியமும் அதில் இருந்ததாக எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

இங்கே விளையும் முதன்மைத் திராட்சை சாஞ்சோவேசே. கியாந்தி என்ற பெயரில் விற்க, ஒயினில் குறைந்தது 70 விழுக்காடு இது இருக்கவேண்டும் என்பது விதி. கனாயோலோ, கொலோரினோ போன்ற உள்ளூர் வகைகளைச் சிறிதளவு சேர்ப்பது பழைய வழக்கம். பெயர் சொல்லி ஒரு பண்ணையைச் சுட்ட வேண்டுமென்றால் செல்வாபியானாவைச் சுட்டுவேன். 1827 முதல் ஜியுந்தீனி குடும்பத்தின் கையில் இருக்கும் பண்ணை அது. ‘புச்செர்கியாலே’ என்ற ஒரே தோட்டத்தின் திராட்சையைத் தனியாக 1979 இல் அவர்கள் பாட்டிலில் அடைத்தார்கள்; அது புகழ்பெற்றது, விலையும் அதிகம். ஆனால் அதே குடும்பத்தின் சாதாரண ‘கியாந்தி ரூஃபினா’ பெரும்பாலும் நமது வரம்புக்குள் கிடைக்கிறது. தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான பாட்டில் எனக்குத் தெரியவில்லை.

பின்புற லேபிளைப் படிப்பது

பாட்டிலைத் திருப்புங்கள். தேட வேண்டிய முதல் சொற்றொடர் ‘இம்போத்திலியாத்தோ அல்லோரிஜினே’. விளைந்த இடத்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டது என்று பொருள். இதற்குப் பதிலாக ‘இம்போத்திலியாத்தோ தா’ என்று மட்டும் போட்டு ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த நிறுவனம் அடைத்தது என்பது மட்டுமே உறுதி. திராட்சையோ ஒயினோ வெளியிலிருந்து வாங்கப்பட்டிருக்கலாம். வாங்கி அடைப்பதில் தவறொன்றும் இல்லை, நல்ல வணிகர்களும் உண்டு. ஆனால் நாம் தேடுவது ஒரு குறிப்பிட்ட மண்ணை. பல இடத்து ஒயினைக் கலந்தால் அந்த மண் கரைந்துபோகும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது பண்ணையின் பெயருக்கு முன்னால் வரும் சொல். ‘அசியேந்தா அக்ரிகோலா’ என்றால் வேளாண் பண்ணை, அதாவது முதன்மையாகத் தன் சொந்தத் திராட்சையைப் பயன்படுத்துவது. ‘அசியேந்தா வினிகோலா’ என்றால் ஒயின் தயாரிப்பு நிறுவனம். அது திராட்சையை வெளியில் வாங்கலாம். ஓர் எழுத்து வேறுபாடுபோலக் காதில் விழுந்தாலும், வாங்குபவருக்கு இது மிக முக்கியமான வேறுபாடு. ‘ஃபத்தோரியா’, ‘பொதேரே’ போன்ற சொற்கள் டஸ்கனியில் விளைச்சலைப் பங்கிட்டுக்கொண்ட பழைய வாரச் சாகுபடி முறையிலிருந்து வந்தவை. ஒரு நிலக்கிழாரின் மைய வீடு ஃபத்தோரியா. வாரத்துக்கு உழுத குடும்பத்தின் பங்கு நிலம் பொதேரே. விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை நிலக்கிழாருக்குக் கொடுத்த அந்த முறையில் புதிய ஒப்பந்தங்கள் போடுவதை 1964 இல் சட்டம் தடைசெய்தது. உழுதவர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட, கைவிடப்பட்ட நிலங்கள் பல, பிறகு மீண்டும் கொடி நடப்பட்டு உயிர்பெற்றன. இன்றைக்கு இச்சொற்கள் லேபிளில் அலங்காரமாகவும் வருவதுண்டு; எனவே இவற்றை மட்டும் நம்பிவிடக் கூடாது.

‘குடும்பம்’ என்ற சொல்லையும் அப்படியே நம்பக் கூடாது. ஆந்தினோரி குடும்பம் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறது. ரூஃபினாவிலேயே பெரிய நிலம் வைத்திருக்கும் ஃபிரெஸ்கோபால்தி குடும்பமும் பல நூற்றாண்டு மரபுடையது. இவை குடும்பங்கள்தாம், ஆனால் பல வட்டாரங்களில் பண்ணைகள் கொண்ட பெருநிறுவனங்கள். அவர்களுடைய ஒயின் நன்றாகவே இருக்கலாம். சிறு குடும்பத்தை அடையாளம் காண உதவுவது, 2008 இல் தொடங்கப்பட்ட தனித்த திராட்சை உழவர்களின் கூட்டமைப்பான ‘ஃபீவி’. கொடியைத் தானே வளர்த்து, ஒயினைத் தானே ஆக்கி, தன் பெயரிலேயே அடைத்து விற்பவர்களே அதில் உறுப்பினராக முடியும். கழுத்து உறையில் திராட்சைக் கூடை சுமக்கும் உழவரின் சின்னத்தைக் கண்டால், பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம். எல்லா நல்ல பண்ணைகளும் அதில் சேர்ந்திருப்பதில்லை என்பதால், சின்னம் இல்லாததை ஒரு குறையாகக் கருத வேண்டாம்.

‘டி.ஓ.சி.’, ‘டி.ஓ.சி.ஜி.’ என்னும் எழுத்துகள், விளைந்த இடத்துக்கும் திராட்சை வகைக்கும் சட்டம் வகுத்த விதிகளைக் குறிப்பவை. முதல் வகை 1963 இன் சட்டத்தால் வந்தது. இரண்டாவது அதைவிடக் கடுமையானது, அதற்கு அடையாளமாகக் கழுத்தில் எண்ணிட்ட காகிதப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். ஒயின் எங்கிருந்து வந்தது என்பதற்கு இவை உத்தரவாதம் தருகின்றன, சுவைக்கு இல்லை. மிக மோசமான கியாந்தியின் கழுத்திலும் அந்தப் பட்டை இருக்கத்தான் செய்கிறது. அண்மை ஆண்டுகளின் பாட்டில்களில் ஒரு சதுரக் குறியீடு அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 8 க்குப் பிறகு உருவான ஒயின்களுக்குச் சேர்மானங்களைத் தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. கைப்பேசியால் அதைப் படித்தால், என்னென்ன சேர்த்தார்கள் என்பது தெரியும். பட்டியல் எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு எனக்கு நிம்மதி.

எந்த விலை எதற்கு

ஒரு பண்ணையின் விலைப்பட்டியலில் மூன்று நான்கு சிவப்பு ஒயின்கள் இருக்கும். அவற்றின் விலை ஏன் ஏறுகிறது என்று பார்த்தால், எதை வாங்க வேண்டும் என்பது தெளியும். சிறிய ஓக் பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர். அதிலிருந்து 300 பாட்டில் வரும். புதிய பீப்பாய் 900 யூரோ என்று வைத்துக்கொண்டால், பாட்டிலுக்கு மூன்று யூரோ மரத்துக்கே போய்விடுகிறது. கடைக்கு வந்துசேரும்போது அது இன்னும் பெருகும். ‘ரிசெர்வா’ என்று பெயரிட, கியாந்தியை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து முதிர்விக்க வேண்டும். அந்தக் காலத்தில் முடங்கிக் கிடக்கும் பணத்தின் விலையும் அதில் சேர்கிறது. சாதாரண ஒயினோ, பலமுறை பயன்படுத்திய பெரிய மரத்தொட்டியிலோ சிமெண்ட் தொட்டியிலோ வளர்கிறது. பல்லாயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய மரம் தன் மணத்தை ஒயினுக்குத் தருவதில்லை. மெல்ல மூச்சுவிட மட்டும் இடம் தருகிறது. எனவே மண்ணை அறிய விரும்புபவர் பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: இது புதிய சிறு பீப்பாயில் வளர்ந்ததா, பழைய பெருந்தொட்டியிலா?

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. நல்ல பண்ணையும் தன் சிறந்த சரிவின் பழத்தை உயர்விலை ஒயினுக்கே ஒதுக்கும். இளங்கொடிகளின் பழம்தான் சாதாரண ஒயினுக்குப் போகும். அது உண்மை. ஆனால் திறமையான உழவர் தன் இளங்கொடிகளையும் அதே காற்றிலும் அதே மண்ணிலும்தானே வளர்க்கிறார்? ஆழம் சற்றுக் குறையலாம். இடத்தின் குணம் குறைவதில்லை.

ஆண்டைப் பற்றி ஒரு சொல். டஸ்கனிக்கு 2016, 2019 இரண்டும் சிறப்பான ஆண்டுகள். 2014 மழையும் குளிருமாகக் கழிந்தது. 2017, 2022 கடும் வெயிலும் வறட்சியுமான ஆண்டுகள். வெயில் மிகுந்த ஆண்டுகளில் தாழ்நிலத்து ஒயின்கள் கனத்துப்போகும்போது, மலைக்காற்று வீசும் ரூஃபினா போன்ற இடங்கள் தங்கள் புத்துணர்வை ஓரளவு காத்துக்கொள்கின்றன. வானிலை மாறிவரும் இக்காலத்தில், முன்பு ‘குளிரானது’ என்று ஒதுக்கப்பட்ட உயரமான சரிவுகளுக்கு மதிப்பு கூடிவருவது இதனால்தான்.

கடையிலும் வீட்டிலும்

நல்ல பாட்டிலைக் கெடுக்க வெயில் ஒன்றே போதும். ஒருமுறை, கண்ணாடிச் சாளரத்தில் அழகாக அடுக்கி வைத்திருந்த ஒரு பாட்டிலை, தள்ளுபடி விலை என்பதால் வாங்கிவந்தேன். திறந்தபோது, செர்ரிப்பழத்தின் கூர்மை இருக்கவேண்டிய இடத்தில், நெடுநேரம் கொதிக்கவைத்த பழப்பாகின் மந்தமான மணம் வந்தது. தக்கை சற்று மேலே தள்ளியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அன்று முதல் சாளரத்தில் நிற்கும் பாட்டிலையும், விளக்கின் வெப்பம் நேராகப் படும் மேல்தட்டுப் பாட்டிலையும் நான் தொடுவதில்லை. வாங்கிவந்ததை வீட்டின் குளிர்ந்த, இருண்ட மூலையில் படுக்கவைத்தால் தக்கை ஈரமாகவே இருக்கும்.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாற வேண்டும் என்ற பழைய அறிவுரை, குளிர்நாட்டின் கல்வீடுகளை மனத்தில் வைத்துச் சொன்னது. சாஞ்சோவேசேக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் ஏற்றது. முப்பது பாகை வெப்பமுள்ள வீட்டில் அப்படியே ஊற்றினால் சாராயத்தின் நெடி மட்டுமே மேலெழும்; நிலத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது. அத்தகைய வீட்டில் பாட்டிலைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக வையுங்கள். அவசரமென்றால் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மணம் திரள்வதற்கு வெற்றிடம் வேண்டும். ஒரு பாட்டிலில் 750 மில்லி, ஆறு பேருக்கு ஒரு குவளை வீதம் வரும். பெரும்பாலும் 13 முதல் 14 விழுக்காடு சாராயம் இருப்பதால், உணவோடும் தண்ணீரோடும் நிதானமாக அருந்துவதே முறை.

தக்கையைப் பிடுங்கியதும் முதலில் முகருங்கள். மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால், தக்கையிலிருந்து வந்த ஒரு சேர்மம் ஒயினைக் கெடுத்திருக்கிறது; அது பண்ணையின் குற்றமல்ல, காற்றாடவிட்டாலும் போகாது. நல்ல கடை மாற்றித்தரும். வாடை இல்லையென்றால், வெள்ளைத்தாளின்மேல் குவளையைச் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். சாஞ்சோவேசே கருஞ்சிவப்பாக இருக்காது. மாதுளை முத்தின் நிறத்தில், அடியில் விரலை வைத்தால் தெரியுமளவு ஒளி ஊடுருவும். மை போலக் கறுத்திருந்தால், வேறு திராட்சை தாராளமாகச் சேர்ந்திருக்கிறதோ என்று நான் ஐயுறுவேன்.

சுவைக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு: புளிப்பு, துவர்ப்பு. துவர்ப்பை அறுசுவைகளுள் ஒன்றாக எண்ணிவைத்த மொழி நமது. கொட்டைப்பாக்கை மென்றபின் ஈறும் கன்னமும் இழுத்துப்பிடிப்பதை நாம் விளக்கமின்றி அறிவோம். திராட்சைத் தோலிலும் விதையிலுமிருந்து வரும் டானின் தருவது அதே உணர்வுதான். ரூஃபினாவின் இளம் ஒயினில் துவர்ப்பு பொடிமணல்போல நாவில் பரவும். புளிப்பு நாவின் இரு ஓரங்களிலும் நீர் ஊறவைக்கும். செர்ரி, காய்ந்த தேயிலை, சற்றே ஆரஞ்சுத் தோல் என்று மணங்களைப் பெயரிடலாம். பெயரிட வராவிட்டாலும் கவலை வேண்டாம். விழுங்கியபின் வாய் தூய்மையாகி, அடுத்த கவளம் உணவைக் கேட்கிறதா என்பதே என் அளவுகோல்.

மண்ணை உண்மையிலேயே அறிய ஒரு பாட்டில் போதாது. ஒப்பிட இன்னொன்று வேண்டும், அதுவும் மற்ற எல்லாம் ஒன்றாக இருந்து, இடம் மட்டும் வேறாக இருக்கவேண்டும். எனவே ஒரே ஆண்டின் கியாந்தி ரூஃபினா ஒன்றும், சியேனாவைச் சுற்றியுள்ள வெப்பமான ‘கொல்லி செனேசி’ உட்பகுதியின் கியாந்தி ஒன்றும் வாங்குங்கள். இரண்டும் சிறு பண்ணையுடையதாக, புதுப் பீப்பாய் காணாததாக இருக்கட்டும். நண்பர் ஒருவரை இரண்டு குவளையில் ஊற்றி, எது எதுவென்று சொல்லாமல் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று பழுத்து, அகன்று, மென்மையாக இருக்கும். மற்றொன்று நிமிர்ந்து, மெலிந்து, கூர்மையாக இருக்கும். எது மலையடிவாரத்துக்கு உரியது என்று கண்டுபிடிக்கும் அந்த நொடியில், டெர்வார் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

உணவைப் பொறுத்தவரை, சாஞ்சோவேசேயின் புளிப்பு தக்காளிக்கு ஈடுகொடுக்கும், துவர்ப்பு கொழுப்பை வெட்டும். டஸ்கனியில் வாட்டிய மாட்டிறைச்சியோடும், அவரை சேர்த்த ரொட்டிக் கூழோடும், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடும் அருந்துகிறார்கள். நம் சமையலில் மிளகு போட்டு வறுத்த ஆட்டிறைச்சி நன்றாகப் பொருந்துகிறது. மிளகாய்க் காரம் மிகுந்த குழம்போடு வைத்தால் எரிச்சலும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூண்டிவிடும். அன்றைக்கு ஒயினைத் தவிர்த்துவிடுவது இரண்டுக்கும் மரியாதை.

ரூஃபினாவுக்கு அப்பால்

இதே முறையை மற்ற வட்டாரங்களுக்கும் கொண்டுசெல்லலாம். பெரிய பெயருடைய ஒயினுக்கு அதே ஊரில் ஒரு தம்பி இருப்பான், அவனைத் தேடுங்கள். வடமேற்கு இத்தாலியின் பியமோந்தேயில், பரோலோ என்னும் பெயர்பெற்ற ஒயினை வாங்க முடியாதவருக்கு, அதே நெபியோலோ திராட்சையில் அதே குடும்பங்கள் ஆக்கும் ‘லாங்கே நெபியோலோ’ இருக்கிறது. டஸ்கனியின் மோந்தால்சினோ ஊரில், அறுவடைக்குப்பின் ஐந்தாவது ஆண்டின் ஜனவரி வரை காத்திருந்து வெளிவரும் புரூனெல்லோ ஒயினுக்கு ‘ரோஸ்ஸோ தி மோந்தால்சினோ’ தம்பி. நமது வரம்பைச் சற்றுத் தாண்டினாலும் நல்ல கையிலிருந்து வந்தால் தகும்.

எரிமலை மண்ணை அறிய விரும்புபவர் தெற்கே செல்ல வேண்டும். சிசிலியின் எத்னா மலையின் வடசரிவில் நெரெல்லோ மஸ்கலேசே என்ற திராட்சை, வெளிறிய நிறத்தில், புகைச்சாயலோடு ஒயின் தருகிறது. புகழ் ஏறியதால் விலையும் ஏறிவிட்டது. பசிலிகாதாவில் அணைந்த எரிமலையான வுல்த்துரேயின் சரிவுகளில் விளையும் அல்யானிக்கோ, கறுத்த, துவர்ப்பு மிகுந்த, பல ஆண்டு நிற்கும் ஒயின். அதன் விலை இன்னும் அதன் தகுதிக்கு வெகு கீழே இருக்கிறது என்பது என் கருத்து. கடைசியாக ஓர் எச்சரிக்கை. ‘மோந்தெபுல்சியானோ தாப்ருஸ்ஸோ’ என்பதில் மோந்தெபுல்சியானோ திராட்சையின் பெயர், இடம் அப்ருஸ்ஸோ. ‘வினோ நோபிலே தி மோந்தெபுல்சியானோ’ என்பதில் அது டஸ்கனியின் ஓர் ஊர்ப்பெயர், திராட்சை சாஞ்சோவேசே. இரண்டுக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை.

உங்களுக்குப் பிடித்த ரூஃபினா கிடைத்துவிட்டால் ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று வாங்குங்கள். நல்ல பண்ணையின் சாதாரண ஒயினே அங்கே சில ஆண்டுகள் அழகாக முதிரும். ஒன்றை இப்போது திறங்கள். இரண்டாவதை இரண்டு ஆண்டு கழித்தும், மூன்றாவதை ஐந்து ஆண்டு கழித்தும் திறங்கள். முதல் பாட்டில் தீர்ந்த அன்றே, நிறம், புளிப்பு, துவர்ப்பு மூன்றையும் பற்றி இரண்டு வரி எழுதி, அந்தச் சீட்டை மிச்சமிருக்கும் இரண்டு பாட்டில்களின் கழுத்திலும் ஒரு நூலால் கட்டிவையுங்கள்.